கம்பைலர் வரிசையை மாற்றுகிறது, யாருக்கும் தெரியாமல்

பெங்களூருவில் எம்பெடட் வேலைக்கோ சிப் கம்பெனி வேலைக்கோ நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ‘சி மொழியில் வாலடைல் என்ற சொல் எதற்கு?’ என்ற கேள்வியைத் தாண்டாமல் வந்திருக்க மாட்டார்கள். ‘கம்பைலர் ஆப்டிமைஸ் பண்ணாம இருக்கறதுக்கு’ என்பது மனப்பாடப் பதில். எழுதிய நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், வேகத்துக்காக அதில் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்ம ஊர்க்காரராக இருந்தால் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, ‘சரிப்பா, பண்ணினா என்ன ஆகும்?’ என்று அடுத்த கேள்வியைத் தமிழிலேயே போடுவார். அங்கேதான் பலரும் திணறுவார்கள். திணறுவதில் தப்பில்லை. கல்லூரியில் கம்பைலர் பாடம் என்றால் லெக்ஸர், பார்சர், மிஞ்சினால் ரெஜிஸ்டர் ஒதுக்கீடு. மெமரியைத் தொடும் கட்டளைகளைக் கம்பைலர் எந்த உரிமையில் முன்னும் பின்னும் நகர்த்துகிறது என்ற இடம் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

ஏன் நகர்த்துகிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன இடமான ரெஜிஸ்டரில் இருக்கும் மதிப்பு உடனே கைக்கு வரும். முதல் நிலை கேஷில் இருந்தால் சிப்பின் கடிகாரக் கணக்கில் நாலைந்து சுழற்சி ஆகும். மெயின் மெமரி வரை போக வேண்டியிருந்தால் நூற்றுக்கணக்கில்கூட ஆகலாம். அதனால் லோடை, அதாவது மெமரியிலிருந்து படிக்கும் கட்டளையை, முன்கூட்டியே போட்டுவிட்டு, மதிப்பு வருவதற்குள் வேறு வேலையைப் பார்ப்பது லாபம். லூப்புக்குள் மாறாத மதிப்பை வெளியே ஒருமுறை படித்து வைத்துக்கொள்வதும், ஒவ்வொரு சுற்றிலும் எழுதுவதை லூப் முடிந்ததும் ஒரே முறையாக எழுதுவதும் அதே கணக்குதான். சிப் கம்பெனியான டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் இங்கே வந்ததிலிருந்து இந்த ஊரில் டிஎஸ்பி (ஒலி, பட சிக்னல்களைக் கையாளும் சிப்) நிரல் எழுதும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. அந்தக் கம்பெனியின் சி6000 வகைச் சிப்பில் ஒரே சுழற்சியில் எட்டுக் கட்டளைகள் வரை ஓடும். ஒரு லோடு போட்டால், மதிப்பு வர இன்னும் நாலு சுழற்சி காத்திருக்க வேண்டும். அந்த நாலு சுழற்சியையும் எதைக்கொண்டு நிரப்புவது என்று திட்டம் போடுவது அங்கே ஹார்டுவேர் இல்லை, கம்பைலர்தான்.

சரி, எந்த உரிமையில்? சி மொழியின் தரநிலை கொடுத்திருக்கும் உரிமம் ரொம்பச் சுருக்கமானது. நிரலை எழுதியபடியே ஓட்டினால் வெளியே என்ன தெரியுமோ அதுவே தெரிய வேண்டும். உள்ளே எப்படிச் செய்துகொண்டாலும் சரி. வெளியே தெரிவது என்று கணக்கில் வருபவை மூன்றே: வாலடைல் மாறிகளைத் தொடுவது, கோப்புகளுக்குப் போய்ச் சேரும் தரவு, திரையில் ஆளோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல். சாதாரணமாக ஒரு மாறியில் எழுதுவது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆக, ஒரு நகர்த்தல் பாதுகாப்பானதா என்று கேட்டால், ‘யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் த்ரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் ஓட்டம், மட்டும் பார்க்கிறது என்றால் பாதுகாப்பாக இருக்கும் ஒரு மாற்றம், பக்கத்தில் ஒரு டிவைஸோ இன்னொரு த்ரெட்டோ பார்க்கத் தொடங்கியதும் தப்பாகிவிடும். கம்பைலர் கெடுத்துவிட்டது என்று நாம் திட்டும் சம்பவங்களில் முக்கால்வாசி, பார்ப்பவர் யார் என்பதை நிரல் எழுதியவர் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கம்பைலரிடம் சொல்லாமல் விட்டதால் வருபவை என்பது என் அனுபவம்.

முதலில் ஒரே த்ரெட், வேறு பார்வையாளர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு இடத்தில் எழுதிவிட்டு அதே இடத்தைப் படித்தால் அந்த வரிசையை மாற்ற முடியாது. படித்துவிட்டு எழுதினாலும், எழுதிவிட்டு மறுபடி எழுதினாலும் அப்படியே. இரண்டு படிப்புகள் மட்டும் தாராளமாக இடம் மாறலாம். வெவ்வேறு இடங்கள் என்றால் எதை வேண்டுமானாலும் எதற்கு முன்னாலும் கொண்டுபோகலாம். இவ்வளவுதான் விதி. இரண்டும் ஒரே இடமா, வேறு வேறு இடமா என்று கண்டுபிடிப்பதில்தான் கம்பைலர் எழுதுபவர்களின் தூக்கம் போகிறது.

ஒரு சின்ன லூப்பைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

    கூட்டு(முழுஎண் *அணி, முழுஎண் அளவு, முழுஎண் *மொத்தம்)
        இ = 0 முதல் அளவு - 1 வரை:
            *மொத்தம் = *மொத்தம் + அணி[இ]

யார் பார்த்தாலும், மொத்தத்தை ஒரு ரெஜிஸ்டரில் வைத்துக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஒருமுறை எழுதினால் போதுமே என்றுதான் தோன்றும். ஆனால் அழைப்பவர் மூன்று இடமுள்ள அணி ஒன்றைக் கொடுத்து, மொத்தம் என்ற பாயின்டரை, அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறியை, அதே அணியின் கடைசி இடத்துக்கே காட்டினால்? அணியில் 1, 2, 3 இருக்கிறது. எழுதியபடி ஓடினால் கடைசி இடம் முதல் சுற்றில் 4 ஆகும், இரண்டாம் சுற்றில் 6. மூன்றாம் சுற்றில் தன்னையே தன்னோடு கூட்டி 12 ஆகும். ரெஜிஸ்டரில் வைத்துக் கூட்டினால் கடைசிச் சுற்றில் மெமரியிலிருந்து படிக்கும்போது பழைய 3தான் கிடைக்கும், விடை 9. இப்படி யாராவது அழைப்பார்களா என்று கேட்கலாம். அழைக்க மாட்டார்கள். ஆனால் அழைக்கவே முடியாது என்று கம்பைலரால் நிரூபிக்க முடியாத வரை, ஒவ்வொரு சுற்றிலும் மெமரியில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்த விசாரணைக்குத்தான் ஏலியாஸ் அனாலிசிஸ் என்று பெயர். பல கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம்மில் இரண்டு முகவரிகளைக் கொடுத்துக் கேட்டால் நான்கில் ஒரு பதில் வரும்: தொடர்பே இல்லை, இருக்கலாம், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் விழுகிறது, ஒரே இடம்தான். எதுவும் தெரியாதபோது ‘இருக்கலாம்’ என்று சொல்லிவிடும். அந்தப் பதிலால் வேகம்தான் போகும், நிரல் தப்பாகாது. ‘இல்லை’ என்று தவறாகச் சொன்னால்தான் விபரீதம். அதனால் ‘இல்லை’ என்று சொல்ல உறுதியான காரணம் வேண்டும். இரண்டும் வேறு வேறு உள்ளூர் மாறிகளா, ஒரே அணியில் வேறு வேறு இடங்களா, இந்த மாறியின் முகவரி இந்தச் செயற்கூற்றை (ஃபங்ஷனை) தாண்டி வெளியே போயிருக்கிறதா என்றெல்லாம் துருவிப் பார்க்கும். முகவரி வெளியே போகாத உள்ளூர் மாறியை யாராலும் தொட முடியாது என்பதால் அதைக் கம்பைலர் இஷ்டத்துக்கு நகர்த்தும்.

மிச்சமிருக்கும் பெரிய ஆயுதம் வகை விதி. ஃப்ளோட்டுக்கான பாயின்டரும் முழுஎண்ணுக்கான பாயின்டரும் ஒரே இடத்தைக் காட்டாது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1989 தரநிலை முதலே சி மொழியில் இருக்கிறது. மேலே உள்ள லூப்பில் அணி மட்டும் ஃப்ளோட்டாக இருந்தால், மொத்தம் நிம்மதியாக ரெஜிஸ்டரில் உட்கார்ந்துவிடும். ஜிசிசி என்ற கம்பைலரில் ஆப்டிமைசேஷனை ஆன் செய்யும் -ஓ2 கொடி போட்டாலே இது அமலுக்கு வரும். எழுத்துவகை, அதாவது கேர் பாயின்டர் மட்டும் விதிவிலக்கு. அது எதை வேண்டுமானாலும் காட்டலாம்.

இந்த விதியோடு நெட்வொர்க் நிரல் எழுதும் ஆட்களுக்கு ஆகவே ஆகாது. ஒரு வகையில் நிரப்பிய பஃபரை வேறொரு வகைப் பாயின்டராகக் காஸ்ட் செய்து, அதாவது வகையை மாற்றிச் சொல்லி, படிப்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். கம்பைலர் அந்த லோடை அதற்கு முன்னாலிருந்த ஸ்டோருக்கும், அதாவது எழுதும் கட்டளைக்கும், முன்னால் தூக்கிக்கொண்டு போய்விட்டால் பழைய குப்பைதான் கிடைக்கும். லினக்ஸ் கெர்னல் இந்தச் சண்டையே வேண்டாம் என்று -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங் கொடி போட்டுத்தான் கட்டப்படுகிறது. சாதாரண நிரல்களில் நேர்வழி, மெம்காப்பி கொண்டு நகல் எடுப்பது. நாலு பைட்டுக்கு மெம்காப்பியா என்று முகம் சுளிக்க வேண்டாம். இன்றைய கம்பைலர்கள் அதைப் பெரும்பாலும் ஒரே லோடாக மாற்றிவிடும்.

நிரூபிக்க முடியாததை நிரல் எழுதுபவரே வாக்குக் கொடுத்துத் தீர்த்துவைக்கலாம். ஃபோர்ட்ரானில் அந்த வாக்கு மொழியிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு சப்ரூட்டீனுக்குள் வரும் இரண்டு அணிகளில் ஒன்றில் எழுதுவதாக இருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்பது எழுதுபவரின் பொறுப்பு. எண் கணக்குகளில் சி மொழி நெடுங்காலம் ஃபோர்ட்ரானைத் துரத்திக்கொண்டே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1988இல் நோஏலியாஸ் என்ற சொல்லைச் சி தரநிலையில் நுழைக்கப் பார்த்தார்கள். சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சியே கடுமையாக எதிர்த்துக் கடிதம் எழுத, அது கைவிடப்பட்டது. 1999இல் வேறு வடிவத்தில் ரெஸ்ட்ரிக்ட் வந்தது. மேலே உள்ள லூப்பில் பாயின்டர்கள் மீது ரெஸ்ட்ரிக்ட் போட்டால், 12 வரும் அழைப்பு உங்கள் வாக்கை மீறியதாகிவிடும். 9 வந்தாலும் கேட்க நாதியில்லை. டிஎஸ்பிகாரர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகத் தெளிப்பார்கள், வேகம் கண்ணுக்குத் தெரியும். மற்றவர்கள் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை.

தொடாததன் விளைவு பல வருடம் கழித்து ரஸ்ட் மொழியில் தெரிந்தது. ரஸ்ட்டில் மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் ஒன்று உயிரோடு இருக்கும்போது அதே இடத்துக்கு இன்னொரு வழி இருக்க முடியாது. அதனால் ரெஸ்ட்ரிக்ட் தரும் தகவல் அங்கே எல்லா இடத்திலும் தானாகவே கிடைக்கிறது. அதை அப்படியே எல்எல்விஎம்முக்குக் கொடுத்தபோது, யாரும் அதிகம் நடக்காத பாதையில் இருந்த பழைய பிழைகள் வரிசையாக வெளியே வந்தன. ஆன் செய்வதும் பிழை கண்டு ஆஃப் செய்வதுமாகப் பலமுறை இழுபறி நடந்து, 2021இல் வந்த 1.54 பதிப்பில்தான் அது மறுபடி நிலைபெற்றது. விதி சரியாகவே இருந்தாலும் அதைச் செயல்படுத்தும் நிரலும் மனிதர் எழுதியதுதானே.

நிரூபணமும் இல்லை, வாக்கும் இல்லை என்றால் ஓடும்போதே பார்த்துக்கொள்ளலாம். ஓர் அணியைப் படித்து இன்னொன்றில் எழுதும் லூப்பை வெக்டராக்கும்போது, அதாவது ஒரே கட்டளையில் பல இடங்களைக் கணக்கிடும்படி மாற்றும்போது, ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டுமே லூப்பை இரண்டு பிரதியாக எழுதி வைக்கும். தொடக்கத்தில் முகவரிகளை ஒப்பிட்டு, மேலே விழவில்லை என்றால் வேகமான பிரதிக்கும், விழுந்தால் பழைய பிரதிக்கும் அனுப்பும். அசெம்பிளியைத் திறந்து பார்த்து ‘ஒரே லூப் எதற்கு ரெண்டு தடவை இருக்கு?’ என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

லூப்புக்குள் லூப்பாக அடுக்கி வரும்போது எந்தச் சுற்று எந்தச் சுற்றை நம்பியிருக்கிறது என்பது வடிவகணிதமாகிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றையும் ஒரு புள்ளியாக வைத்து, சார்புகளை அம்புகளாக வரைந்து, ஓர் அம்பும் பின்னோக்கித் திரும்பாதபடி மொத்தத்தையும் சாய்த்து வெட்டுவது ஒரு தனிக்கலை. இதில் பரவலாக அறியப்பட்ட புளூட்டோ என்ற கருவியை 2008இல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர் உதய் போந்துகுலா. இன்று இதே ஊரின் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர்.

இன்னொரு கண்ணி, படிப்பு தொடர்பானது. படிப்பதால் எதுவும் மாறாது, எனவே லோடை எங்கே நகர்த்தினாலும் பரவாயில்லை என்று நினைக்கத் தோன்றும். பாயின்டர் பூஜ்யமா என்று பார்க்கும் ‘இஃப்’புக்கு மேலே லோடைத் தூக்கினால், முன்பு ஒழுங்காக ஓடிய நிரல் தொடக் கூடாத மெமரியைத் தொட்டுச் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழும். முகவரி படிக்கத் தகுந்ததுதான் என்று தெரிந்தால் ஒழியக் கம்பைலர் அதைச் செய்வதில்லை.

இப்போது பார்வையாளர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவோம். முதல் பார்வையாளர், கம்பைலர் கண்ணில் படாத செயற்கூறு. வேறு கோப்பில் இருக்கும் ஒன்றை அழைத்தால் அது குளோபல் மாறிகளையும், முகவரி வெளியே போன மாறிகளையும் படிக்கலாம், எழுதலாம். ஆகவே அந்த அழைப்பைத் தாண்டி அவற்றை நகர்த்த முடியாது. பெங்களூரு அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் ஓர் உரையாடல் இதிலிருந்துதான் பிறக்கிறது.

‘-ஓ2 போட்டா ஹேங் ஆகுதுங்கண்ணா.’

‘-ஓ0ல?’

‘ஓடுதுங்க. லூப்புக்குள்ள ஒரு பிரிண்ட்எஃப் போட்டாலும் ஓடுது.’

‘அப்ப பிரிண்ட்எஃப்போடயே கஸ்டமருக்கு அனுப்பிடலாமா?’

-ஓ0 என்றால் ஆப்டிமைசேஷன் ஆஃப். நடப்பது இதுதான். இன்னொரு த்ரெட் வைக்கும் கொடி ஒன்றுக்காக லூப்பில் காத்திருக்கிறது நிரல். லூப்புக்குள் அந்தக் கொடியை மாற்றும் எதுவும் இல்லை என்று பார்த்த கம்பைலர், லோடை வெளியே எடுத்து ஒரே ஒருமுறை படித்து வைத்துக்கொண்டது. அப்புறம் கொடி மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன. பிரிண்ட்எஃப் வந்ததும், அது குளோபல் மாறியைத் தொட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி படிக்கிறது. பிரிண்ட்எஃப் போட்டதும் மறையும் பிழை என்றால், யாரோ பார்ப்பதைக் கம்பைலரிடம் சொல்ல மறந்திருக்கிறோம் என்று முதலில் சந்தேகிக்கலாம். எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகப் பார்க்கும் இணைப்பு நேர ஆப்டிமைசேஷனை ஆன் செய்ததும் பழைய நிரல்கள் திடீரெனக் கெடுவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே: நேற்றுவரை மூடியிருந்த செயற்கூறு இன்று கம்பைலருக்குத் திறந்துவிட்டது, தற்செயலாகக் கிடைத்துக்கொண்டிருந்த தடுப்பு போய்விட்டது.

இரண்டாவது பார்வையாளர் டிவைஸ். வாலடைல் இவருக்காகத்தான். வாலடைல் தொடுகைகளைக் கம்பைலர் நீக்காது, புதிதாகச் சேர்க்காது, அவற்றுக்குள் வரிசையை மாற்றாது. ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் சாதாரண ஸ்டோர்களைப் பற்றி வாலடைல் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பஃபரை நிரப்பிவிட்டு, டிவைஸின் வாலடைல் ரெஜிஸ்டரில் 1 எழுதி டிஎம்ஏவை (டிவைஸ் நேராக மெமரியைப் படிக்கும் வழியை) தொடங்குகிறீர்கள். பஃபரில் எழுதியதை அந்த 1க்குக் கீழே தள்ளக் கம்பைலருக்கு முழு உரிமை உண்டு. டிஎம்ஏ பாதி நிரம்பிய பஃபரை அள்ளிக்கொண்டு போகும். நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். கெர்னலில் பேரியர் என்ற மேக்ரோ, ஒரு கட்டளையும் இல்லாத வெற்று அசெம்பிளி வரி. மெமரியில் எதையும் மாற்றியிருக்கலாம் என்று மட்டும் அது கம்பைலரிடம் சொல்கிறது. ஓடும் நேரத்தில் அதற்கு ஒரு சுழற்சிகூடச் செலவில்லை, ஆனால் கம்பைலர் அதைத் தாண்டி எதையும் நகர்த்தாது. சிப்பும் தன் பங்குக்கு வரிசையை மாற்றும் என்றால் அதற்குத் தனியாக ஹார்டுவேர் தடுப்புக் கட்டளை வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் நேர்முகத் தேர்வுகளில் போகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

மூன்றாவது பார்வையாளர் இன்னொரு த்ரெட். கதை இங்கேதான் கனமாகிறது. எல்லாத் த்ரெட்களின் செயல்களையும் ஏதோ ஒரு வரிசையில் கோத்தது போலவும், ஒவ்வொரு த்ரெட்டும் அதற்குள் தன் வரிசை மாறாமலும் தெரிய வேண்டும் என்று 1979இல் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் ஓர் இலக்கணம் வகுத்தார். பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அதை எல்லா நிரலுக்கும் அப்படியே கொடுக்க வேண்டுமென்றால், இதுவரை பார்த்த நகர்த்தல்களில் பெரும்பாலானவற்றை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும்.

வெளியே வர வழி காட்டியவர்களில் ஒருவர் சரிதா ஆத்வே. ஐஐடி பம்பாயில் படித்துவிட்டு விஸ்கான்சினில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, மார்க் ஹில்லுடன் சேர்ந்து 1990இல் அவர் முன்வைத்தது ஓர் ஒப்பந்தம். எந்தெந்த இடத்தில் த்ரெட்கள் ஒன்றையொன்று ஒத்திசைக்கின்றன என்று நிரல் எழுதுபவர் அடையாளம் போட்டுச் சொல்ல வேண்டும். அடையாளம் இல்லாத மாறியை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொட, அதில் ஒன்றாவது எழுதுவதாக இருக்கும் போட்டி நிலை வரவே கூடாது. அப்படி எழுதினால் லாம்போர்ட் சொன்ன வரிசை கிடைப்பதற்கு நாங்கள் பொறுப்பு என்கிறது சிஸ்டம். அடையாளங்களுக்கு நடுவில் எவ்வளவு நகர்த்தினாலும் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் போட்டி இல்லாமல் அதைப் பார்க்கவே வழியில்லை. 2004இல் திருத்தப்பட்ட ஜாவாவின் மெமரி மாடலும் (த்ரெட்கள் மெமரியை எப்படிப் பார்க்கும் என்ற விதிகள்), 2011இல் சி++ஸும் சியும் ஏற்றுக்கொண்ட மாடலும் இந்த ஒப்பந்தத்தின்மேல் கட்டியவைதான். ஒரு வித்தியாசம் உண்டு. சி++இல் போட்டி வந்துவிட்டால் நிரலுக்கு அர்த்தமே இல்லை, என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். பாதுகாப்பை உயிராகக் கருதும் ஜாவாவால் அப்படிக் கைவிரிக்க முடியவில்லை.

ஒப்பந்தம் என்றால் கம்பைலருக்கும் கட்டுப்பாடு உண்டுதானே. 2005இல் கணினி ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் போம், த்ரெட்களை வெறும் லைப்ரரியாகக் கொடுத்தால் போதாது, மொழியே அவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வாதாடினார். அதில் வருவது போன்ற ஒரு நிரலைப் பார்ப்போம்.

    பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும்:
        எண் > 0 என்றால் எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

எண்ணிக்கை ஒரு குளோபல் மாறி. லூப்புக்கு முன் ரெஜிஸ்டரில் படித்து, உள்ளே கூட்டி, முடிந்ததும் திரும்ப எழுதுவது பழைய கம்பைலர்களுக்குச் சாதாரண வேலை. இப்போது பட்டியலில் நேர்மறை எண்ணே இல்லை என்று வையுங்கள். எழுதியபடி ஓடினால் இந்த த்ரெட் எண்ணிக்கையில் எழுதவே எழுதாது. எனவே அதே நேரத்தில் இன்னொரு த்ரெட் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒப்பந்தப்படி சரி. மாற்றிய நிரலோ படித்த பழைய மதிப்பைக் கடைசியில் மேலே எழுதி, அந்த த்ரெட் கூட்டியதை அழித்துவிடும். நிரலில் இல்லாத போட்டியைக் கம்பைலர் தானே உண்டாக்கிவிட்டது. 2011க்குப் பிறகு இது தடை. லாபத்தை முழுக்க விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. ஜிசிசி ஒரு சின்னக் கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்; லூப்புக்குள் உண்மையிலேயே எழுத வேண்டி வந்தால் கொடியை உயர்த்தும்; லூப் முடிந்ததும் கொடி உயர்ந்திருந்தால் மட்டும் மெமரியில் எழுதும். எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் இது.

பக்கத்து வீட்டில் கை வைப்பதும் இதே குற்றம்தான். 2012இல் லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு வினோதமான பிழை கிளம்பியது. ஒரு ஸ்ட்ரக்சரில், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் 32 பிட் பூட்டு ஒன்று, அதை ஒட்டி ஒரே ஒரு பிட் அளவுள்ள பிட்ஃபீல்டு. ஐஏ64 சிப்பில் அந்த ஒரு பிட்டை மாற்ற ஜிசிசி 64 பிட்டையும் படித்து, பிட்டை மாற்றி, மொத்தத்தையும் திரும்ப எழுதியது. நடுவில் வேறொருவர் பூட்டை மாற்றியிருந்தால் அது பழைய நிலைக்குப் போய்விடும். நிரல் எழுதியவர் பூட்டைத் தொடவே இல்லை. பக்கத்து மாறியைத் தொட்டால் இந்த மாறி கெடக் கூடாது என்பதையும் புதிய மாடல் விதியாக்கிவிட்டது.

அடையாளம் போடுவது எப்படி என்பதற்கு மிகச் சிறிய உதாரணம் செய்தி அனுப்புவது.

    தரவு = 42
    தயார் = 1

இரண்டும் வெவ்வேறு இடம், எனவே இடம் மாற்றலாம் என்று கம்பைலர் நினைக்கும். எதிர்முனையில் ‘தயார்’ 1 ஆனதைப் பார்த்துத் தரவைப் படிப்பவருக்கு 42 கிடைக்காமல் போகும். ‘தயார்’ என்பதை அடாமிக்காக்கி, அதாவது ஒத்திசைவுக்கான மாறி என்று அடையாளம் போட்டு, எழுதுவதை ரிலீஸ், படிப்பதை அக்வயர் என்று சொல்லிவிட்டால் போதும். ரிலீஸுக்கு முன்னால் உள்ள எதுவும் அதைத் தாண்டிக் கீழே போகக் கூடாது. அக்வயருக்குப் பின்னால் உள்ள எதுவும் அதைத் தாண்டி மேலே போகக் கூடாது. எதிர்த்திசையில் போகத் தடையில்லை. ஒரு பூட்டைப் போட்டு எடுக்கும் பகுதி என்றால், வெளியே இருப்பது உள்ளே வரலாம், உள்ளே இருப்பது வெளியே போக முடியாது. கம்பைலர் உலகில் இதற்குக் கரப்பான்பூச்சிப் பொறி என்றே பெயர். பூட்டு இருக்கும் நேரம் கொஞ்சம் நீளலாம், விடை மாறாது.

இன்டெலின் எக்ஸ்86 வகைச் சிப்பில் அக்வயர் லோடும் ரிலீஸ் ஸ்டோரும் சாதாரண மூவ் கட்டளைகள்தான். இதைப் பார்த்துவிட்டு ‘இன்டெல்ல இதெல்லாம் தேவையில்லப்பா’ என்று சொல்லும் சீனியர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். சிப்புக்குத் தேவையில்லைதான், கம்பைலருக்குத் தேவை. அந்த அடையாளம் இல்லாவிட்டால் மூவ் கட்டளைகளின் வரிசையையே கம்பைலர் மாற்றிவிடும். தானும் வரிசையை மாற்றக்கூடிய 64 பிட் ஆர்ம் சிப்பில் எல்டிஏஆர், எஸ்டிஎல்ஆர் என்று தனிக் கட்டளைகளே உண்டு. அடையாளம் போட மறந்து, இன்டெல் லேப்டாப்பில் மாதக்கணக்கில் ஓடிய நிரல் ஆர்ம் சிப் உள்ள போனில் போட்டதும் சிதறுவது அப்படித்தான். த்ரெட் சானிடைசர் என்று ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் ஒரு கருவி இருக்கிறது. நிரல் பல மடங்கு மெதுவாகும், ஆனால் ஓட்டத்தில் போட்டி வந்தால், சிப் அதை மன்னித்துவிட்டாலும், பெரும்பாலும் பிடித்துக்கொடுத்துவிடும். ஆர்ம் போர்டு கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடாமிக் மாறிகளையே கம்பைலர் நகர்த்தலாமா? தரநிலைப்படி ஓரளவு நகர்த்தலாம். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு முடிந்தது என்று வரிசை உத்தரவாதம் எதுவும் கேட்காத ஒரு ரிலாக்ஸ்டு அடாமிக்கில் எழுதுகிறீர்கள், திரையில் பச்சைப் பட்டை நகர்கிறது. அந்த ஸ்டோர்களையெல்லாம் சேர்த்துக் கடைசியில் 100 என்று ஒருமுறை எழுதினாலும் விதி மீறல் இல்லை. பட்டை மட்டும் சுழியத்தில் நின்று கடைசியில் ஒரே தாவாகத் தாவும். யாருக்கும் பிடிக்காது. அதனால் இன்றைய கம்பைலர்கள் அடாமிக்குகளை இணைக்கும் வேலையில் பெரும்பாலும் இறங்குவதில்லை.

விதிகளை எழுதியவர்களே தீர்க்காமல் விட்ட இடமும் உண்டு. இரண்டு த்ரெட்கள். ஒன்று ‘அ’வைப் படித்து அதை ‘ஆ’வில் எழுதுகிறது, இன்னொன்று ‘ஆ’வைப் படித்து ‘அ’வில் எழுதுகிறது. தொடக்கத்தில் இரண்டும் 0. இரண்டிலும் 42 வர முடியுமா? வந்தால் அந்த 42 எங்கிருந்தும் வரவில்லை, காற்றில் முளைத்திருக்கிறது. எந்தக் கம்பைலரும் சிப்பும் இதைச் செய்வதில்லை. ஆனால் இதைத் தடுக்கும் விதியைக் கணிதமாக எழுதப் போனால், எல்லோரும் செய்யும் நியாயமான நகர்த்தல்களும் அதில் சிக்கிக்கொள்கின்றன. ஜாவா தன் பங்குக்கு ஒரு சிக்கலான விதியை எழுதியது. 2008இல் செவ்சிக், ஆஸ்பினால் இருவரும், பரவலாகச் செய்யப்படும் சில எளிய ஆப்டிமைசேஷன்களே அந்த விதிப்படி செல்லாது என்று காட்டினார்கள். சி++ தரநிலை, இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டது. 2017இல் வந்த பிராமிசிங் செமான்டிக்ஸ் போன்ற முயற்சிகள் நல்ல முன்னேற்றம்; தரநிலைக்குள் அவை வரவில்லை.

கன்ஸ்யூம் என்ற அடையாளத்தின் கதையும் அதே மாதிரிதான். பாயின்டரைப் படித்து அதன் வழியே தரவைப் படித்தால் ஆர்ம் சிப் அந்த வரிசையைத் தானாகவே காப்பாற்றும், தனிக் கட்டளை தேவையில்லை. அந்த லாபத்தைச் சி++இல் கொண்டுவரத்தான் கன்ஸ்யூம். கம்பைலர் தன் எல்லா வேலைகளுக்கு நடுவிலும் அந்தச் சார்பு அறுந்துபோகாமல் பின்தொடர வேண்டியிருந்தது, யாராலும் முடியவில்லை. ஜிசிசியும் கிளாங்கும் அதை அக்வயராகவே எடுத்துக்கொள்கின்றன, 2017 தரநிலை அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. பூட்டில்லாமல் தரவைப் படிக்க லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கும் ஆர்சியூ முறையோ அந்த லாபத்தை விடத் தயாரில்லை. நிரல் எழுதுபவர்களுக்கே அது கட்டுப்பாடு விதிக்கிறது: இப்படிப் படித்த பாயின்டரை, பூஜ்யம் தவிர வேறு தெரிந்த முகவரியோடு ஒப்பிடும்போது ரொம்ப எச்சரிக்கை. இரண்டும் சமம் என்று தெரிந்துவிட்டால் கம்பைலர் படித்த பாயின்டரை விட்டுவிட்டுத் தெரிந்த முகவரியிலிருந்து நேராகத் தரவை எடுக்கலாம். அப்புறம் சிப்பின் பார்வையில் இரண்டு லோடுகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது இரண்டாவதை முதலில் முடித்துவிடும்.